பிறர் காதில் விழாத குரல்



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசப்படும் விஷயம். நம் மிம்பர்களில் அது பேசப்படுவதில்லை. பேச வேண்டியவர்களில் நாமும் ஒருவர். அதனால் நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லியே ஆரம்பிக்கின்றோம்.

சுமார் பத்தாண்டுகளுக்கு முன், மதரஸாவில் ஸனது பெற்று வெளிவந்த புதிதில், கடற்கரையோர ஊர் ஒன்றில் இமாமத் செய்துவந்தோம். ஒருநாள் மஃரிபு தொழுகைக்குப் பின் ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார்கள். பையனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். “ஹஜ்ரத், எம் மவன் காதுல யாரோ பேசுறாகளாம். எங்களுக்கு ஒண்ணும் கேக்கலை. ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருக்கான்” என்றார்கள்.

நாம் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “ஏதோ தீண்டல் இருக்கிறது” என்று தாயாரிடம் சொன்னோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். தாயத்து ஒன்று எழுதிக் கட்டினோம். நாற்பது நாள் தொடர்ந்து வரச் சொன்னோம். அவன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, நள்ளிரவில் அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். விடியும் நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கடலுக்குள் நின்றவனை மீனவர்கள் கரைக்கு இழுத்து வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. அன்றே அவனை மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாமும் உடன் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா மாற்றுச் சமயத்தைச் சேர்ந்தவர். நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “தம்பி, அந்தக் குரல் உங்ககிட்ட என்ன சொல்லுது?”

பையன் அரைமணி நேரம் பேசினான். “நீ எதற்கும் உதவாதவன், கடலுக்குள் போ” என்று அந்தக் குரல் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டே இருந்ததாம். திரும்பி வரும்போது அவன் நம்மிடம் சொன்னான்: “ஹஜ்ரத், அன்னைக்கு உங்ககிட்ட இதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க கேக்கலையே.”

அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சில் இருக்கிறது. இக்கட்டுரை எழுதக் காரணமும் அதுவே.

இது என்ன நிலை?

பிறருக்குக் கேட்காத குரல் ஒருவருக்குக் கேட்பது நாம் நினைப்பதுபோல் அபூர்வமானதல்ல. தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில் தம் பெயரை யாரோ கூப்பிட்டது போல் கேட்டு எழுந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கடும் காய்ச்சலிலும், பல இரவுகள் தூக்கம் கெட்டாலும், கஞ்சா போன்ற போதைப் பொருட்களாலும் குரல்கள் கேட்கலாம். முதுமையில் காது மந்தமானவர்களுக்குச் சில சமயம் பாட்டும் பேச்சும் கேட்பதுண்டு. வலிப்பு நோயில் ஒருவகையும் இதைக் கொண்டுவரும்.

துணையை இழந்தவர்களின் நிலையைப் பாருங்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு டாக்டர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் விசாரித்து, 1971-ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப்பேர், மறைந்தவர் அருகில் இருப்பதாக உணர்வது போன்ற அனுபவங்களைச் சொன்னார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அவர்களின் குரலையே கேட்டதாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. இத்தாவில் இருக்கும் ஒரு சகோதரி, “அவுக கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சு” என்று சொன்னால் உடனே பதறாதீர்கள். துக்கத்தின் ஆழம் அது. நாளடைவில் அது தணிந்துவிடும்.

ஆனால் குரல்கள் விடாமல் தொடர்ந்து, மிரட்டி, கட்டளையிட்டு, உண்ணவும் உறங்கவும் விடாமல் ஆட்டிப்படைக்குமானால் அது பிணி. ஸ்கிஸோஃப்ரீனியா என்று மருத்துவர்கள் அழைக்கும் மனோவியாதியில் இது முக்கியமான அடையாளம். உலகில் 2 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடுமையான மனச்சோர்விலும் வேறு சில மனநோய்களிலும்கூடக் குரல்கள் கேட்கும்.

இது எப்படி நிகழ்கிறது? நாம் ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். “இது என் பேச்சு” என்று மூளை அதற்கு ஓர் அடையாளம் இட்டுவிடுகிறது. அந்த அடையாளமிடும் வேலை பிசகும்போது, தன் உள்ளத்துப் பேச்சே அயலாருடைய குரலாகக் காதில் விழுகிறது என்பது அறிஞர்கள் பலர் கூறும் விளக்கம். குரல் கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தால், பேச்சுக்குரிய பகுதிகள் உண்மையாகவே இயங்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. ஆகவே அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவுமில்லை. நமக்குக் கேட்கவில்லை என்பதால் அவருக்கும் கேட்கவில்லை என்றாகிவிடாது.

நம் வீட்டாரின் பேச்சுக்கும் அந்தக் குரல்களுக்கும் தொடர்புண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். டான்யா லூர்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியையும் அவருடன் சேர்ந்தோரும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும், கானா நாட்டின் அக்ராவிலும், நம் சென்னையிலும் ஊருக்கு இருபது பேராகக் குரல் கேட்கும் நோயாளிகளைச் சந்தித்துப் பேசினார்கள். அதன் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. அமெரிக்கர்கள் பலர் தமக்குக் கேட்ட குரல்கள் கொடூரமானவை என்றார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களுக்குக் கேட்பது சொந்தபந்தங்களின் குரல் என்றார்கள். அவை திட்டுவதும் உண்டு. குளி, சமையல் செய், கடைக்குப் போ என்று வீட்டுப் பெரியவர்களைப் போல ஏவுவதும் உண்டு. வீட்டில் என்ன பேச்சு பேசப்படுகிறதோ, அதன் சாயல் நோயாளியின் உள்ளத்திலும் விழுகிறது. நம் நாவைப் பேணுவதற்கு இதுவும் ஒரு காரணமல்லவா?

ஜின்னா? வஸ்வாஸா? இல்ஹாமா?

“அப்படியானால் ஹஜ்ரத், ஜின் இல்லை என்கிறீர்களா?” என்று சிலர் கேட்பார்கள். ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. திருமறையில் ஒரு சூராவுக்கே அப்பெயர். ஷைத்தான் உள்ளத்தில் ஊசலாட்டம் போடுவான் என்பதை சூரா அந்நாஸ் நமக்குக் கற்பிக்கிறது. ஆனால், ‘ஜின் உண்டு’ என்று நம்புவது வேறு. ‘இந்தப் பிள்ளைக்குள் இருப்பது ஜின்தான்’ என்று தீர்ப்பளிப்பது வேறு. முன்னது ஈமான். பின்னது மறைவான ஒன்றைப் பற்றிக் கையில் அத்தாட்சி இல்லாமல் பேசுவது. நாம் அன்று செய்தது அந்தப் பின்னதையே.

ஓதிப்பார்ப்பது ஹதீஸ்களில் உள்ளதே. தேள் கொட்டிய ஒருவருக்கு ஸஹாபாக்கள் சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதியதையும், நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதையும் புகாரி ஷரீஃபில் காண்கிறோம். அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம், மூப்பைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் கட்டளையிட்டார்கள். துஆவும் சுன்னத், மருந்தும் சுன்னத். ஒன்றைக் காட்டி மற்றதைத் தடுப்பவர் இரண்டில் ஒன்றை இழக்கிறார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “எனக்கு மேலிருந்து அறிவிப்பு வருகிறது” என்று ஒருவர் சொல்ல, அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடுகிறது. சகோதரர்களே! வஹீயின் வாசல் நம் நாயகம் (ஸல்) அவர்களோடு மூடப்பட்டுவிட்டது. இல்ஹாம் உண்டென்றாலும் அது ஷரீஅத்துக்கு மாறாக ஒருபோதும் பேசாது. “மறைவானதை அறிந்து சொல்கிறேன்” என்று ஒரு குரல் கூறுமானால், சுலைமான் நபி (அலை) அவர்களின் வஃபாத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஊன்றியிருந்த கோலைப் பூச்சி அரித்து, அவர்கள் சாயும் வரை, கண்முன்னே வேலை செய்துகொண்டிருந்த ஜின்களுக்கே அது தெரியவில்லை என்று சூரா ஸபா கூறுகிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கின்றோம். உன்னையே அழித்துக்கொள் என்றோ, உன் பிள்ளையைக் கொல் என்றோ ஒரு குரல் ஏவினால், அது யாருடைய குரலாகத் தோன்றினாலும் அதற்குக் கீழ்ப்படிவது ஹராம். இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் சம்பவத்தை இதற்கு ஆதாரமாக எவரும் நினைத்துவிட வேண்டாம். நபிமார்களின் கனவு வஹீ. நம் காதில் விழுவது வஹீ அல்ல. அங்கேயும் பிள்ளையின் உயிரைக் காத்து, ஆட்டைத்தான் அல்லாஹ் பலியாக ஏற்றான்.

நாயகம் (ஸல்) அவர்கள் எப்படி நடந்தார்கள்?

முஸ்லிம் ஷரீஃபில் ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம். மதீனாவில் ஒரு பெண்மணி. அவருடைய புத்தியில் ஏதோ குறை. அவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தமக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? கண்ணியமாக, இன்னாரின் தாயே என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நீர் நின்றுகொள்ளும், உமது தேவையை நான் கவனிக்கிறேன் என்ற பொருளில் சொன்னார்கள். அவரோடு வழியில் தனியே ஒதுங்கி நின்று, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள்.

சிந்தியுங்கள். ஓர் உம்மத்தின் பொறுப்பைச் சுமந்தவர்கள். வஹீ இறங்கும் இதயத்தையுடையவர்கள். அவர்களுக்குக் கேட்க நேரமிருந்தது. பத்தொன்பது வயதுப் பையனின் பேச்சைக் கேட்க நமக்கு நேரமில்லாமல் போய்விட்டது!

வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி, விழும்போது தம் ஆடை விலகிவிடுகிறதே என்று முறையிட்ட சம்பவமும் பிரசித்தமானது. பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் என்று நன்மாராயம் பெற்ற அவர், ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆக் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். நோயாளிக்கும் மானம் உண்டு. அதைக் காப்பதும் நம் கடமை என்பது இதிலுள்ள பாடம்.

மக்காவின் குறைஷிகள் நம் நாயகம் (ஸல்) அவர்களையே பைத்தியக்காரர் என்று ஏசினார்கள். அந்த ஏச்சை மறுத்து சூரா அல்கலம் இறங்கியது. காஃபிர்கள் அன்று கையிலெடுத்த ஆயுதத்தை இன்று முஸ்லிம் ஒருவர் தம் சகோதரர் மீது வீசலாமா? ‘லூஸு’ என்கிறோம், ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சிரிக்கிறோம். கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794-இல் தொடங்கிப் பல தலைமுறை நோயாளிகளைப் பராமரித்துவரும் ஒரு மருத்துவமனை. அதன் பெயரை வசைச்சொல் ஆக்கியதால்தான், பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லத் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள்.

நம் முன்னோர் கட்டியதும், நாம் கட்டியதும்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கி.பி. 934-இல் மறைந்த அபூ ஜைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலுக்கு நோய் வருவதுபோலவே உள்ளத்துக்கும் வரும் என்று ஒரு நூலே எழுதினார். விடாது வருத்தும் வஸ்வாஸுக்கென்று தனிப் பகுதியும் அதில் வைத்தார். டமாஸ்கஸில் நூருத்தீன் ஜங்கீ 1154-இல் மருத்துவமனை நிறுவினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய பெரும் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. ஹலப் நகரில் 1354-இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையின் முற்றங்களில் நீரூற்றின் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். துருக்கியின் எதிர்னேயில் 1488-இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டியதில், தண்ணீரின் ஓசையாலும் இசையாலும் நறுமணத்தாலும் மனநோயாளிகளை அமைதிப்படுத்தினார்கள். இவையெல்லாம் வக்ஃபுச் சொத்துகளின் வருமானத்தில் நடந்தவை.

நாம் என்ன செய்தோம்? 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள். காலில் சங்கிலி. ஓட முடியாமல் 28 பேர் மாண்டுபோனார்கள். பல சமயத்தாரும், பல மாநிலத்தாரும் தங்கள் பிள்ளைகளை நம்பிக் கொண்டுவந்துவிட்ட ஊர் அது. அவர்களில் எத்தனை பேர் தமக்குக் கேட்ட குரலைப் பற்றி யாரிடமாவது சொல்ல ஏங்கியிருப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

அதன்பின் அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்விதத்திலும் அனுமதிக்கவில்லை. குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும், துஆவுக்கு வருபவர்களை மருந்துக்கும் அழைத்துச் செல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கு ‘தவா – துஆ’ என்றே பெயர். மார்க்கமும் மருத்துவமும் ஒரே வாசலில் கைகோக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

வீட்டார் செய்ய வேண்டியது

“எனக்குக் குரல் கேட்கிறது” என்று உங்கள் பிள்ளை சொன்னால், “அப்படி ஒண்ணும் இல்லை, சும்மா இரு” என்று வாயடைக்காதீர்கள். அடுத்த முறை சொல்ல மாட்டான். “ஆமாம், ஜின்தான் பேசுகிறது” என்று பயத்தைக் கூட்டவும் செய்யாதீர்கள். “எனக்குக் கேக்கலை வாப்பா. ஆனா உனக்குக் கேக்குதுங்கிறதை நான் நம்புறேன். என்ன சொல்லுது? உனக்குப் பயமா இருக்கா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே பாதிப் பாரத்தை இறக்கிவிடும்.

சாகச் சொல்கிறதா, பிறரைத் தாக்கச் சொல்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்ற நிலையிலும் தாமதம் வேண்டாம். சிகிச்சை தள்ளிப்போகப் போகக் குணமும் தள்ளிப்போகும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

தாய்மார்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில், பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே தாய்க்குத் தூக்கம் அறவே போய், குரல்கள் கேட்டு, குழந்தையைப் பற்றி விபரீத எண்ணங்கள் வரலாம். நாற்பது நாள் தீட்டில் இருப்பவளுக்குக் காத்துக்கருப்பு பட்டுவிட்டது என்று அறைக்குள் பூட்டி வைப்பார்கள். இது தாயும் சேயும் சம்பந்தப்பட்ட அவசரம், ஒருநாள்கூடப் பொறுக்கலாகாது. உடனே சிகிச்சை செய்தால் பெரும்பாலோர் நன்றாகக் குணமடைகிறார்கள்.

திருமணம் பேசும்போது நோயை மறைத்து, “கல்யாணம் பண்ணினா சரியாயிடும்” என்று ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது மோசடி. அது நோயாளிக்கும் அநீதி, வந்தவளுக்கும் அநீதி.

சில மஸாயில்கள்

நாம் மேலே சொன்ன பையன் இன்று ஒரு கடையில் வேலை செய்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான். குரல் முற்றாகப் போய்விடவில்லை, தணிந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் நம்மைத் தேடி வந்து, “தொழுகையில நிக்கும்போது கெட்ட வார்த்தையா கேக்குது ஹஜ்ரத். என் தொழுகை கூடுமா?” என்று கேட்டான். இம்முறை நாம் முதலில் முழுவதையும் கேட்டோம். பிறகு சொன்னோம்:

தொழுகை கூடும். தானாக உள்ளத்தில் வருவதை, நாவால் சொல்லாமலும் செயலில் காட்டாமலும் இருக்கும்வரை, அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டான் என்பது ஸஹீஹான ஹதீஸின் கருத்து. சொல்ல நாக்கூசும் எண்ணங்கள் வருவதாக ஸஹாபாக்களே முறையிட்டபோது, அந்த வெறுப்பையே ஈமானின் அடையாளம் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

புத்தி சுவாதீனமற்றவர் தெளியும்வரை அவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. அதாவது குற்றம் எழுதப்படுவதில்லை. அந்நிலையில் அவர் சொல்லும் தலாக்கும் செல்லாது. அக்காலத்தில் தவறிய தொழுகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் களா இல்லை. ஹனஃபீ மத்ஹபில் அந்நிலை ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் நீடித்தால் களா இல்லை. ஆனால் குரல் கேட்டும் புத்தி தெளிவாக இருப்பவருக்குத் தொழுகை கடமையே.

ரமலானில் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஸஹரிலும் இஃப்தாரிலும் மாற்றிச் சாப்பிட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடியாதென்றால் நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கிறது. இரவு முழுதும் விழித்து வணங்குவதையும் இத்தகையோர் தவிர்க்க வேண்டும். தூக்கம் கெட்டால் குரல் கூடும். உடலுக்கும் நம்மீது ஹக்கு உண்டு.

இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் அவன் பேசாமலிருந்தான். பிறகு எழுந்து ஒளுச் செய்து, இஷாவுக்குப் பாங்கு சொல்லட்டுமா என்று கேட்டான். சொல்லச் சொன்னோம். அவனுடைய குரலை அன்று ஊரே கேட்டது.

யா அல்லாஹ்! பிறர் அறியாத வேதனையைச் சுமக்கும் உன் அடியார்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைப் பெற்றவர்களுக்குப் பொறுமையைத் தருவாயாக! கேளாமல் தீர்ப்பளித்த எங்கள் குற்றத்தை மன்னிப்பாயாக! கேட்கும் காதையும், காயப்படுத்தாத நாவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.